மூடியில் தொங்கிய நான்கு எழுத்து

பழவேற்காடு
9.7.1978

அண்ணனுக்கு கனகாம்பாள் எழுதுவது.

நீ ஒசாகா போய்ச் சேர்ந்ததாக அனுப்பிய அட்டை வந்தது. படத்தில் இருக்கும் கோட்டையை என் கொழுந்தன் குப்பன் வாங்கிப் பார்த்துவிட்டு, இத்தனை பெரிய கல்லை எந்தப் படகில் ஏற்றியிருப்பார்கள் என்று கேட்டான். அதை நீதான் சொல்ல வேண்டும்.

ஊர்க்கதை பேசுவதற்காக இந்த ஏர் லெட்டரை வாங்கவில்லை. ஒரு விஷயம் தெரிய வேண்டும். சித்திரை பிறந்து ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரி வாசலில் என் வீட்டுக்காரர் உடலை வாங்க நின்றபோது, ஒரு காகிதத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினாயே, அதில் என்ன எழுதியிருந்தது?

இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம். நீ வரிக்கு வரி விரல் வைத்துத் தமிழில் படித்தாய். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ரப்பர் வேக வைக்கும் நீராவிக் கொப்பரையின் மூடி வெடித்துக் கழன்று என் வீட்டுக்காரர் மாரியப்பனும் கூட வேலை பார்த்த தேசப்பனும் இறந்துபோனார்கள், இது விபத்து, யார் மேலும் குற்றம் இல்லை, உடலைப் பெற்றுக்கொண்டேன் என்று படித்தாய். நான் ஐந்தாம் வகுப்பு வரை போனவள். கைநாட்டு வைக்காமல் என் பெயரை முழுதாக எழுதினேன். அந்த நேரத்திலும் எழுத்து கோணாமல் வந்ததே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

போன வியாழக்கிழமை குழாயடியில் தேசப்பன் பெண்சாதி பூவம்மாள் என் குடத்தைத் தள்ளிவிட்டாள். "உன் ஊட்டுக்காரன் சொல்பேச்சு கேக்காம மூடியத் தொறந்தான்னு கம்பெனி பேப்பர்ல எழுதிக்கீதாம். நீயே ஒத்துக்கினு கையெழுத்து போட்டுக்கீறியாம்" என்றாள். கம்பெனி ஆள் ஒருவன் அவள் வீட்டுக்கு வந்து அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

பேச்சு குழாயடியோடு நிற்கவில்லை. ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று தை அமாவாசைக்கு மறுநாள் பானையில் பேர் எழுதிய துண்டு போட்டு எடுப்பார்களே, அந்தப் பானையில் மாரியப்பன் துண்டு இனி விழக் கூடாது என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவனைக் கொன்றவன் பேருக்கு ஏரியில் இடம் கிடையாதாம். அவர் பேரில்தான் குப்பன் வலை போடுகிறான். அதில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. அதுகூடப் பெரிதில்லை. செத்தவரை மறுபடி ஒரு முறை சாகடிக்கிறார்கள்.

அந்தக் காகிதத்தில் இருந்ததை வார்த்தைக்கு வார்த்தை எழுதி அனுப்பு. படித்தவன் நீதான், ஞாபகம் இருக்கும்.

கனகாம்பாள்


ஒசாகா
28.7.1978

அன்புத் தங்கை கனகாவுக்கு லோகநாதன் ஆசிகளுடன்.

உன் கடிதம் பதினோரு நாளில் வந்துவிட்டது. நான் நலம். சோறு குழைந்து ஒட்டுகிறது, மீன் மட்டும் நம் வீட்டு ஞாபகத்தைக் கொண்டுவருகிறது. நம் கம்பெனிக்கு இயந்திரம் மாட்ட வந்திருந்தாரே மொரிதா, அவர் என்னைத் தம்பி மாதிரி கவனித்துக்கொள்கிறார். இங்கே என் வேலை எழுத்துப் படிப்பதுதான். இயந்திரப் புத்தகங்கள் முழுக்க ஜப்பான் மொழி. அவற்றைப் படித்து ஊரில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று மேனேஜர் என்னை அனுப்பியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மொரிதா என்னை நாரா என்ற ஊருக்குக் கூட்டிப்போகிறார். ஒரு காலத்தில் தலைநகரம். பழைய அரண்மனை இருந்த வயலைத் தோண்டி, எழுத்துள்ள மரச் சில்லுகளை ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு வருஷப் பழசு. உப்பு, கடற்பாசி, காய்ந்த மீன் என்று அரசனுக்கு வரி அனுப்பிய மூட்டைகளில் கட்டியவை. எந்த ஊர், யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றிலும் இருக்கிறது. அந்த மீனவனுக்குப் படிக்கத் தெரிந்திருக்காது. யாரோ ஒரு குமாஸ்தா எழுதிக் கட்டியிருப்பான். எழுதி முடிந்த பலகையைக் கத்தியால் சீவிவிட்டு அதிலேயே மறுபடி எழுதுவார்களாம். சீவலைக்கூடப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு சீவலில் எவனோ ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகியிருக்கிறான்.

இவர்களுக்கு முதலில் எழுத்தே கிடையாது, தெரியுமா? கடல் தாண்டிக் கொரியாவிலிருந்து வந்தவர்கள் சீன எழுத்தைக் கொண்டுவந்தார்கள். அரசனுக்காக எழுதுவதும் படிப்பதும் வந்தேறிய சில குடும்பங்களின் பரம்பரை வேலையாக இருந்தது. காகிதத்தில் இருப்பது சீனம், வாயில் வர வேண்டியது ஜப்பான் மொழி. முன்னுக்கும் பின்னுக்கும் கண் தாவ, சொற்களை மாற்றி அடுக்கிக்கொண்டே படிக்க வேண்டும். கேட்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. படிக்கிறவன் சொன்னதுதான் எழுத்து.

ஒரு கதை சொல்கிறேன். கிட்டத்தட்ட ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் கொரிய ராஜ்யம் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்லா எழுத்தர்களையும் கூட்டி அரசன் கொடுத்தான். மூன்று நாள் வைத்திருந்தும் ஒருவராலும் படிக்க முடியவில்லை. கடைசியில் ஒருவன் மட்டும் படித்துவிட்டான். இன்னொரு கடிதம் காக்கை இறகில் கறுப்பு மையால் எழுதி வந்ததாம். அதையும் அவனே சோற்று ஆவியில் காட்டி, பட்டுத் துணியில் ஒற்றி எடுத்துப் படித்தானாம். மற்றவர்களுக்கு அரசனிடம் நல்ல திட்டு. ஆனாலும் தெரியாததைத் தெரியாது என்றுதான் மூன்று நாளும் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் அடிக்கடி யோசிக்கிறேன்.

நீ கேட்ட காகிதம் கம்பெனிகள் வழக்கமாக வாங்கும் காகிதம். அதைப் பற்றி மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. பூவம்மாள் துக்கத்தில் பேசுகிறாள். நாளாக ஆக அடங்கும்.

லோகநாதன்


பழவேற்காடு
20.8.1978

அண்ணனுக்கு,

காக்கை இறகில் எழுதியதைச் சோற்று ஆவியில் காட்டிப் படித்தானாம். நல்ல கதை. என் காகிதம் வெள்ளை, அதில் எழுத்து கறுப்பு, அடித்தது கும்மிடிப்பூண்டியில். அதை எந்த ஆவியில் காட்டுவது?

நான் ஒன்று கேட்டால் நீ வேறு எங்கோ போகிறாய். சின்ன வயதிலும் இப்படித்தான். அப்பா வலை எங்கே கிழிந்தது என்று கேட்டால், வலை எத்தனை வகை என்று சொல்ல ஆரம்பிப்பாய். பள்ளிக்கூடத்தில் உனக்கு அது பரிசு வாங்கிக் கொடுத்தது. எனக்கு இன்றைக்கு ஒன்றும் வாங்கிக் கொடுக்கவில்லை.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். கங்கம்மாள் கோயில் கூழுக்கு எல்லா வீட்டிலும் தானியம் வாங்கினார்கள், எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். குப்பன் வலையைக் கரை இழுக்க ஒரு கை குறைந்தது, யாரும் வரவில்லை. அவன் உள்ளங்கையில் கயிறு அறுத்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவனும் மனசுக்குள் தன் அண்ணன்தான் திறந்தானோ என்று நினைக்கிறானோ என்று பயமாக இருக்கிறது. 

பெரியவர் தணிகாசலத்திடம் நேராகப் போய்க் கேட்டேன். "தானாத் தொறக்கலன்னு காட்டு. துண்டு பானையில கெடக்கும். இல்லன்னா இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் வலித்தது.

நீ எழுதாவிட்டால் கம்பெனிக்கே போய் அந்தக் காகிதத்தின் நகலைக் கேட்பேன். பள்ளிக்கூடத்து கிரேஸ் டீச்சர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கனகாம்பாள்


ஒசாகா
24.9.1978

அன்பு கனகா,

கம்பெனிக்குப் போகாதே. இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். போனால் உனக்குத்தான் கஷ்டம். மேனேஜர் உன் மேல் நல்ல எண்ணம் வைத்திருக்கிறார்.

காகிதத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் இருந்ததைக் கொஞ்சம் மாற்றித்தான் படித்தேன். அன்றைக்கு நீ நின்ற நிலையில் அதை அப்படியே படிக்க என்னால் முடியவில்லை. இங்கிலீஷ் கம்பெனி பாஷை கல் மாதிரி இருக்கும். கேட்கிறவள் தாங்கும்படி படித்தேன். உன் நன்மைக்காகத்தான் செய்தேன். இதற்கு மேல் தோண்டாதே.

இங்கே இந்த வாரம் எல்லாப் பத்திரிகையிலும் ஒரு வாள்தான். பத்து வருஷம் முன்பு ஒரு மேட்டுச் சமாதியில் தோண்டி எடுத்த துருப்பிடித்த இரும்பு வாள். துரு மேலும் தின்னாமல் காப்பதற்காக இந்த வருஷம் வெளியே எடுத்தபோது எக்ஸ்ரே பிடித்திருக்கிறார்கள். துருவுக்கு அடியில் பொன் பதித்த நூற்றுப் பதினைந்து எழுத்து. ஒருவன் தன்னையும் சேர்த்து எட்டுத் தலைமுறைப் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான். எழுத்து சீனம், பெயர்கள் ஜப்பான். ஒலிக்காக மட்டும் எழுத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். ஆயிரத்து ஐந்நூறு வருஷம் யாரும் பார்க்காமல் கிடந்தது. மொரிதா பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக எனக்குப் படித்துக் காட்டினார்.

இன்னொன்றும் சொன்னார். பிற்காலத்தில் உத்தியோக ஆண்கள் சீனத்தில் எழுதி மதிப்புத் தேடிக்கொண்டார்களாம். பெண்கள் ஒலிக்கு ஒரு எழுத்து என்று சுருக்கிக்கொண்டு தங்கள் பேச்சைத் தாங்களே எழுதினார்களாம். அதற்குப் பெண் கை என்றே பெயர். உன் கடிதத்தைப் படித்தபோது அது ஞாபகம் வந்தது. நீ மனதில் பட்டதை அப்படியே எழுதிவிடுகிறாய். எனக்கு அது வரவில்லை.

லோகநாதன்


பழவேற்காடு
15.10.1978

லோகநாதனுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லும் எண்ணமும் இல்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிட்டேன். பொன்னேரியில் பஸ் மாறி, கம்பெனி கேட்டில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றோம். கிரேஸ் டீச்சர் நல்ல இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். நகல் கொடுத்தார்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் படித்தார். படித்து நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, மறுபடி படித்தார். "இருக்கறத இருக்கறபடி படிங்க டீச்சர்" என்றேன். படித்தார்.

எச்சரிக்கைப் பலகை கொப்பரை மூடியில் தொங்கிக்கொண்டிருந்தும், அதை மதிக்காமல், யாருடைய உத்தரவும் இல்லாமல் மாரியப்பன் தானாகவே மூடியைத் திறந்தார். அவருடைய கவனக்குறைவால் உடன் வேலை செய்த தேசப்பனும் இறந்தார். இதை இறந்தவரின் மனைவி முழுதும் கேட்டுப் புரிந்து ஒப்புக்கொள்கிறார். அதன் கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே இன்னொரு வரி. மேலே கண்டதை இந்த அம்மாளின் தாய்மொழியில் வாசித்து விளக்கினேன். அங்கே உன் கையெழுத்து.

கேட்கிறவள் தாங்கும்படி படித்தாயாம். நான் தாங்கியிருக்க மாட்டேன், அது நிஜம். அந்தக் காகிதத்தைக் கிழித்து எறிந்திருப்பேன். ஊரே கூடியிருக்கும். அதற்குத்தானே மாற்றிப் படித்தாய்.

என் புருஷன் கொலைகாரன் என்று நானே எழுதிக் கொடுக்கும்படி செய்துவிட்டாய். எனக்குப் படிக்கத் தெரியும் என்று எத்தனை பெருமையாக இருந்தேன். வேறு யாராவது படித்திருந்தால் இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்திருப்பேன். படித்தது நீ என்பதால் சரிபார்க்கவில்லை.

அன்றைக்கு அந்த ஷிப்டில் நீயும் இருந்தாய். மத்தியானம் இரண்டு மணிக்கு நடந்தது. அவர் தானாகத் திறந்தாரா? நடந்ததை எழுது. துருவுக்கு அடியில் இருப்பதை எக்ஸ்ரே பிடித்துப் பார்க்க என்னிடம் மெஷின் இல்லை.

கனகாம்பாள்


ஒசாகா
12.11.1978

கனகாவுக்கு,

உன் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் நான் ஸ்டோரில் இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நம் குப்பத்தில் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் நான். என்னை நம்பித்தான் நம் பக்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேரை அந்தக் கம்பெனி எடுத்தது. நான் ஏதாவது எழுதினால் அவர்கள் வேலையும் போகும். இதையும் நீ யோசிக்க வேண்டும்.

தை பிறந்த பிறகு நான் ஊர் வருவேன். பெரியவர்களிடம் நானே பேசுகிறேன்.

லோகநாதன்


பழவேற்காடு
30.11.1978

லோகநாதனுக்கு,

பன்னிரண்டு பேரைப் பற்றி எழுதினாய். அவர்களில் இரண்டு பேர் செத்துவிட்டார்கள். இப்போது பத்து.

குப்பன் ஒன்று சொன்னான். அன்றைக்குப் பகல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது அவன்தான். மூடியில் புதுசாக ஒரு பலகை தொங்குகிறது, ஜப்பான்காரர் மெட்ராஸ் போயிருக்கிறார், என்ன எழுதியிருக்கிறதோ தெரியவில்லை, அடுத்த ரப்பரை ஏற்றச் சொல்லி சூப்பர்வைசர் கத்துகிறார் என்று என் வீட்டுக்காரர் அவனிடம் சொல்லியிருக்கிறார். "மச்சானக் கேட்டுத்தான் தொறப்பேன். அவுருக்குத்தான் அந்த எழுத்து தெரியும்" என்றாராம்.

இத்தனை நாள் இதைச் சொல்லாமல் வைத்திருந்தாயே என்று குப்பனை அடிக்கப் போனேன். உங்கள் அண்ணன் வேலை போய்விடும் என்று பயந்தேன் அண்ணி என்றான். நீ மட்டும் இல்லை, எல்லோரும் எனக்காக எதையாவது மறைக்கிறார்கள்.

அவர் உன்னைக் கேட்காமல் திறந்திருக்க மாட்டார். கேட்டாரா? ஒரு வார்த்தை எழுது.

கனகாம்பாள்


ஒசாகா
2.1.1979

கனகா,

கேட்டார்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு மூன்று நாள் காகிதத்தை அப்படியே வைத்திருந்தேன். இப்போது மிச்சத்தையும் எழுதுகிறேன். இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். நீயே படிக்க வேண்டும், நடுவில் யாரும் வேண்டாம்.

நம் கம்பெனியில் என்னை ஜப்பான் வாத்தியார் என்று கூப்பிடுவார்கள். மொரிதாவிடம் கேன்டீனில் உட்கார்ந்து ஆறு மாதம் கற்றுக்கொண்டேன். ஒலிக்கு ஒன்றாக இருக்கும் நாற்பத்தாறு எழுத்தும் எனக்குத் தெரியும். சீன எழுத்தில் அறுபது தெரியும். இயந்திரப் பெட்டியில் எதைப் பார்த்தாலும் ஆட்கள் என்னிடம் ஓடி வருவார்கள். சூப்பர்வைசர்கூட என்னைக் கேட்டுத்தான் கை வைப்பார். வலை இழுக்கிற வீட்டில் பிறந்த எனக்கு அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். நான் நடக்கிற நடையே மாறிவிட்டது என்று மாரி கேலி செய்வார்.

அன்றைக்குக் கொப்பரையின் அழுத்தமானி முள் ஒட்டிக்கொண்டு பூஜ்யத்தில் நின்றுவிட்டது. உள்ளே ஆவி இருந்தாலும் இல்லை என்று காட்டும். புது முள் வாங்க மொரிதா மெட்ராஸ் போனார். போகும்போது தன் பெட்டியில் இருந்த சிவப்புப் பலகை ஒன்றை மூடிக் கைப்பிடியில் தொங்கவிட்டார். அவர் கிளம்பின நேரத்தில் நான் டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பலகை மட்டும் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாரி என்னைக் கூப்பிட்டார். தேசப்பனும் பக்கத்தில் நின்றார். "மச்சான், இதுல இன்னா எழுதிக்கீது?" என்றார். நான்கு எழுத்து. நான்கும் சீன எழுத்து. நான்கில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள், சூப்பர்வைசர் நின்றார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணும் இல்ல மாரி, செஞ்ச கம்பெனி பேரு. நீ தொற" என்றேன்.

சொல்லிவிட்டு ஸ்டோருக்கு நடந்தேன். மாரி ஒரு நிமிஷம் தயங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் நான் ஸ்டோர் கதவுக்குப் போன பிறகுதான் சத்தம் கேட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் திரும்பி, இரு மாரி, மொரிதா வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். எனக்குள் சந்தேகம் இருந்தது. திரும்பவில்லை.

சாயங்காலம் மேனேஜர் கேட்டார். மாரி என்னிடம் கேட்கவே இல்லை என்று சொல்லிவிட்டேன். அங்கே நின்ற சூப்பர்வைசர், தான் அவசரப்படுத்தியது தெரியக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார். மற்றவர்களுக்கு வேலை பயம். மறுநாள் மேனேஜர் அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்து, உன் தங்கைதானே, நீயே படித்துக் காட்டு என்றார். பிறகு என்னை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஏதோ பதவி உயர்வு என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள்.

இங்கே வந்த முதல் வாரமே மொரிதா கேட்டார். நான் பலகை போட்டேனே, யாருக்கும் புரியவில்லையா, உங்களுக்கும் தெரியாதா என்று. நான் அந்தப் பலகையைப் பார்க்கவே இல்லை என்று அவரிடமும் பொய் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். படத்தோடு போட்டிருக்க வேண்டும், என் தவறு என்றார். இரண்டு பேர் செத்தது தன்னால் என்று அந்த மனிதர் எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். எழுத்து எப்படி வந்தது, யார் யார் தப்பாகப் படித்தார்கள், எப்படிப் பழகினார்கள் என்று எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் அதையெல்லாம் உனக்கு எழுதினேன். உன்னிடம் பேச எனக்கு வேறு எதுவும் இல்லை என்பதால்தான் அதை எழுதினேன்.

அந்த நான்கு எழுத்தையும் போன மாதம் அவர் கற்றுக்கொடுத்தார். திறக்கவே கூடாது என்று அர்த்தம். இங்கே எந்தத் தொழிற்சாலையில் நுழைந்தாலும் எங்காவது ஒரு இடத்தில் அது தொங்குகிறது. தினமும் படிக்கிறேன்.

நேற்று மொரிதாவிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார், இன்னும் என்னோடு பேசவில்லை. மேனேஜருக்கும் இதையே இங்கிலீஷில் எழுதி அனுப்பிவிட்டேன். அதன் நகல் இத்துடன் இருக்கிறது, கிரேஸ் டீச்சரிடம் கொடு. என் வேலை போகும். போகட்டும்.

இதைப் பெரியவர்களிடம் படித்துக் காட்டு. மாரி தானாகத் திறக்கவில்லை. நான் சொல்லித் திறந்தார்.

லோகநாதன்


பழவேற்காடு
31.1.1979

அண்ணனுக்கு,

உன் கவர் பதினேழாம் தேதி வந்தது. நானே படித்தேன். குப்பனுக்கு ஒரு முறை படித்தேன். பாதியில் எழுந்து போய்ப் படகில் உட்கார்ந்துகொண்டான்.

திங்கட்கிழமை துண்டு எடுக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே பெண்கள் போகிற வழக்கம் இல்லை. ஒருவர், கொண்டா, நான் படிக்கிறேன் என்று கை நீட்டினார். கொடுக்கவில்லை. தணிகாசலம் பெரியவர் என்னையே படிக்கச் சொன்னார். கேட்டார் என்ற வார்த்தையிலிருந்து உன் பெயர் வரை படித்தேன். எனக்குப் பிடிக்காத வரியையும் படித்தேன், உன்னைப் பார்த்து இரக்கம் வருகிற வரியையும் படித்தேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடுவில் ஒரு முறை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

மாரியப்பன் துண்டு பானையில் விழுந்தது. குப்பனுக்கு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நல்ல இடம் வந்திருக்கிறது. மறுநாள் வலை இழுக்க நாலு பேர் தாங்களாகவே வந்தார்கள். யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் போட்டார்கள், அந்தச் சத்தம் போதும்.

பிறகு உன் துண்டைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்பாவுக்குப் பிறகு உன் பேரில் இருக்கும் பங்கு. இரண்டு உயிர் போகக் காரணமானவனுக்கு ஏரியில் பங்கு கிடையாது என்று என் வீட்டுக்காரர் பேருக்குச் சொன்னதையே உன் பேருக்கும் சொன்னார்கள். பெரியவர் என்னைப் பார்த்து, "உன் கூடப் பொறந்தவன். நீ இன்னா சொல்றே?" என்று கேட்டார். நான் பானையில் கையை விட்டு, நம் வீட்டுத் துண்டைத் தேடி எடுத்து வெளியே வைத்தேன். இதை யார் மூலமாகவாவது நீ கேட்பதைவிட நானே எழுதிவிடுவது நல்லது.

கிரேஸ் டீச்சர் உன் இங்கிலீஷ் நகலைத் தொழிலாளர் ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார். வருஷம் ஆகலாம் என்கிறார். கம்பெனியில் சூப்பர்வைசர் இன்னும் அதே ஷிப்டில் இருக்கிறார்.

நான் படிக்கும்போது பூவம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே உங்க அண்ணன். அவ்ளோ கஷ்டமா அது?" என்று கேட்டாள்.  நானும் அதையேதான் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு எழுதினாய், மேனேஜருக்கு எழுதினாய், மொரிதாவிடம் சொன்னாய். அவள் வீட்டுக்காரர் உன்னிடம் எதுவும் கேட்கக்கூட இல்லை, பக்கத்தில் நின்றதற்காகச் செத்தார். ஊருக்கு நீ வர வேண்டாம், இப்போதைக்கு வரவே வேண்டாம். ஆனால் அவளுக்கு எழுது.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. பேப்பரைக் கொண்டுபோய் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதனால் எதை எழுதினாலும் யோசித்து எழுது. நீ எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படிப்பேன்.

கனகாம்பாள்